தோளில் நிற்காத பச்சை கவுன்

அன்புள்ள அக்காவுக்கு,

நான்கே மாதம் மூத்தவளை அக்கா என்று கூப்பிட்டால் உனக்குப் பற்றிக்கொண்டு வரும் என்று தெரிந்துதான் கூப்பிடுகிறேன். இங்கே நானும் வீட்டுக்காரரும் நலம். நீயும் உன் முழங்கால்களும் நலமா?

உன் கடிதம் நேற்று வந்தது. வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் வந்ததால் மருத்துவமனைக்கே எடுத்துப்போய், நம் துணி அறையில் அலமாரிகளுக்கு நடுவே நின்றுகொண்டு படித்தேன். இரண்டாம் பக்கத்தில் அந்த மருந்துக்கடைக்காரரைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். அப்படியே அழுக்குப் போர்வை மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டேன். சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை. நீ வேலையை விட்டு ஊர் மாறிப் போனபின் உன் இடத்துக்கு வந்திருக்கும் பெண் ஓடிவந்து, யாருக்கு என்னாச்சுக்கா என்று கேட்டாள். ஒருத்திக்குக் கல்யாணம்மா என்றேன். அதுக்கு ஏன் இப்படி உட்கார்ந்திருக்கீங்க என்றாள். அவளுக்கு எப்படிச் சொல்வது?

பெண் நல்லவள்தான், போர்வை மடிக்கத்தான் வரவில்லை. நீயும் நானும் பதினெட்டு வருடம் ஆளுக்கொரு முனையைப் பிடித்து மடித்திருக்கிறோம். எப்போது உதற வேண்டும், எப்போது கிட்டே வர வேண்டும் என்று ஒரு நாளாவது பேசியிருப்போமா? இவள் போனைப் பார்த்துக்கொண்டே மடிக்கிறாள். நான் கிட்டே போனால் அவள் தூரப் போகிறாள்.

நீ சந்தோஷமாக இருக்க வேண்டும். அந்த மனிதர் உன்னை நன்றாக வைத்துக்கொள்வார். முழங்கால் வலிக்கு மாத்திரை வாங்கப்போன இடத்தில் மாப்பிள்ளையே கிடைத்தால் யாருக்குக் கசக்கும்?

கல்யாணத்தன்று நான் உன் பக்கத்தில் நிற்க வேண்டும், இருவருக்கும் ஒரே துணியில் பச்சை கவுன் என்று எழுதியிருக்கிறாய். என் அளவையே ரெண்டுக்கும் குடுத்துட்டேன், நம்ம ரெண்டு பேருக்கும் அளவு வேறயா என்ன என்றும் எழுதியிருக்கிறாய். சரிதான். கடையில் ஒருத்தி போட்டுப் பார்த்து இருவருக்கும் வாங்கிய ஆட்கள்தானே நாம். நான் அப்படியேதான் இருக்கிறேன். கை மட்டும் கொஞ்சம் இறுக்கமாகத் தைக்கச் சொல். இல்லை, வேண்டாம், எதுவும் சொல்லாதே. எப்படித் தைத்தாலும் சரி.

வீட்டுக்காரர் வாழ்த்துச் சொல்லச் சொன்னார். உன் காலைப் பார்த்துக்கொள். மாடிப்படி ஏறாதே.

அன்புடன்,
உன் தங்கை

*

அன்புள்ள அக்காவுக்கு,

பார்சல் வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. வந்ததா வந்ததா என்று நீ நான்கு முறை போன் செய்தாய். நான்கு முறையும் அவ குளிக்கிறா என்று வீட்டுக்காரரைச் சொல்ல வைத்தேன். கடைசித் தடவை, உன் ஃபிரண்டு நான் என்னமோ உன்னை ஒளிச்சு வச்சிருக்கேன்னு நினைக்கிறாங்க என்று என்னிடம் எரிந்து விழுந்தார். போனில் பேசினால் முதல் வார்த்தையிலேயே நீ என்னைப் பிடித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

போன கடிதத்தில் ஒரு பொய் எழுதினேன். நான் அப்படியே இல்லை. பதினைந்து கிலோ குறைந்துவிட்டேன்.

பயப்படாதே, நோய் இல்லை. எட்டு மாதத்துக்கு முன்பு வருடாந்திரப் பரிசோதனையில் சர்க்கரை ஏறியிருந்தது, ஈரலிலும் கொழுப்பாம். டாக்டர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல், இருபது கிலோ குறைங்க, இல்லன்னா ஊசி போட வேண்டியிருக்கும் என்று சீட்டில் எழுதிக்கொண்டே சொன்னார். ஊசி என்றதும் எனக்கு வந்த வேகம் உனக்குத் தெரியுமே. அன்றிலிருந்து நடக்கிறேன், பாதித் தட்டு சாப்பிடுகிறேன். தொண்ணூற்று நாலு இப்போது எழுபத்தொன்பது.

நல்ல செய்திதானே, இதை ஏன் மறைத்தாய் என்று கேட்பாய். அதற்கு வருகிறேன். முதலில் என் கோலத்தைக் கேள்.

துணி அறையில் ஒருவர் வாசலில் வந்து நின்றதும், இவருக்கு நாற்பது, அவருக்கு முப்பத்தெட்டு என்று சீருடையை எடுத்துக் கொடுப்பவள் நான். டேப்பைத் தொட்டதே இல்லை. அப்படிப்பட்டவளுக்கு இப்போது தன் அளவு தெரியவில்லை. நாற்பத்தாறு போட்டால் தோளிலிருந்து வழுக்கி முழங்கை வரை வருகிறது. நாற்பத்து நாலு போட்டால் மூச்சை இழுத்து விட்டதும் நடுப் பொத்தான் தெறிக்கப் பார்க்கிறது. கால்சட்டையின் இடுப்பில் ஊக்கு குத்தி வைத்தேன். மூட்டை தூக்கக் குனிந்தபோது ஊக்கு திறந்துகொண்டு, நான் போட்ட கூச்சலில் பக்கத்து வார்டிலிருந்து நர்ஸ் ஓடிவந்தாள். வந்தவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சுகர் முத்திடுச்சாக்கா என்று மெதுவாகக் கேட்டாள். அதே நாள் சாயங்காலம் கணக்குப் பிரிவுப் பெண், பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருக்கீங்க என்றாள். நான் யாரை நம்புவது?

கடைத்தெருவுக்குப் போனேன். எல் போட்டால் இடுப்பில் சிக்கி நிற்கிறது, கழற்றுவதற்குள் வியர்த்துக் கொட்டிவிட்டது. எக்ஸெல் போட்டால் கழுத்து வழியாக வயிறு தெரிகிறது. இரண்டுக்கும் நடுவில் ஒன்று இல்லையா என்று கேட்டேன். நடுவுலன்னு யாரும் தைக்கிறதில்ல மேடம், நீங்க கொஞ்சம் குறைங்க, இல்ல கொஞ்சம் ஏறிட்டு வாங்க என்றாள் அந்த விற்பனைப் பெண். கிண்டல் செய்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். நிஜமாகவே யோசனைதான் சொன்னாள். ஒன்றும் வாங்காமல் திரும்பினேன். வாங்கினாலும் அடுத்த மாதம் அது யாருக்கு? பழையதைத் தூக்கிப் போடவும் மனம் வரவில்லை. எடை திரும்பி வந்துவிட்டால் எதைப் போடுவேன்?

இந்த நிலைமையில்தான் உன் கவுன் வந்தது. அக்கா, எவ்வளவு அழகான பச்சை! கழுத்தைச் சுற்றி அந்தச் சின்ன மடிப்பு வேலை, உள்ளே மிருதுவான லைனிங். போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றேன். கம்பியில் காயப்போட்ட மாதிரி தொங்கியது. தோள் ஒரு பக்கம் சரிந்தது. இடுப்பு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் துணி. உள்ளே குளியல் துண்டைச் சுற்றிக்கொண்டு பார்த்தேன். வயிறு வந்தது, தோள் வரவில்லை. வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். நல்லாத்தான் இருக்கு என்றார். துண்டை உருவிவிட்டுக் காட்டினேன். இதுவும் நல்லாத்தான் இருக்கு என்றார். இருபத்தாறு வருடமாக இந்த மனிதரிடம் இந்த ஒரு பதில்தான். ஆத்திரத்தில் துண்டை அவர் மேல் எறிந்தேன்.

பிறகு செய்ததைக் கேட்டால் சிரிப்பாய். சாப்பிட்டே இந்த கவுனுக்குள் போய்விடலாம் என்று முடிவு செய்தேன். நான்கு நாள். கேன்டீனில் என் தட்டைப் பார்த்த சமையல்காரர், வீட்டுல சண்டையா என்று கேட்டார். ஐந்தாம் நாள் எடை பார்த்தால் அறுநூறு கிராம் கூடியிருந்தது. அதுவும் மொத்தமாக இடுப்பில் போய் உட்கார்ந்ததே தவிர, தோளுக்கு ஒரு கிராம்கூடப் போகவில்லை. தலை சுற்றியது. சர்க்கரை பார்த்தேன், எகிறியிருந்தது. அளவு எழுதிய அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு எனக்கு என்ன பைத்தியமா என்று அழுதேன்.

கடைசியில் மருத்துவமனை எதிரில் இருக்கும் தையல்கார அம்மாவிடம் கொண்டுபோனேன். அவர் கவுனைத் திருப்பிப் போட்டு, தையலைத் தடவிப் பார்த்து, டேப்பால் என்னை ஒரு சுற்றுச் சுற்றினார். அப்புறம் கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். இன்னும் இறங்குவீங்களா, இத்தோட நிறுத்துறீங்களா, இல்ல மறுபடி ஏறுவீங்களா? அதைச் சொல்லுங்க முதல்ல. இந்தத் தோளைச் சின்னதாக்கணும்னா வெட்டித்தான் ஆகணும், வெட்டினா திரும்ப ஒட்ட வைக்க முடியாது.

டாக்டர் இன்னும் ஐந்து கிலோ என்கிறார். உன் கல்யாணத்துக்கு இன்னும் பதினெட்டு நாள். அதற்குள் நான் எந்த அளவில் இருப்பேன்? வெட்டாமல் போட்டால் எல்லோர் முன்னாலும் உன் கவுன் என் மேல் அழும். வெட்டினால், நீயும் நானும் ஒரே அளவு என்று நீ ஆசையாகத் தைத்ததை நானே வெட்டியது போல் ஆகும். அந்த அம்மா கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, இது துணிப் பிரச்சினை இல்லம்மா, போய் யோசிச்சிட்டு வாங்க என்று மடித்துக் கையில் கொடுத்துவிட்டார்.

யோசித்தேன். அன்றிலிருந்து அதைத்தான் யோசிக்கிறேன். அளவு ஒரு சாக்குதான். வேறொன்று சொல்ல வேண்டியிருக்கிறது, அதைச் சொல்லாமல் எந்த கவுனும் எனக்குப் பொருந்தாது.

ஐந்து வருடத்துக்கு முன்பு, வேலை தொடங்குவதற்கு முன்னால் நீ மருத்துவமனை மதிலைச் சுற்றி நடக்க ஆரம்பித்தாய். உன் வீட்டுக்காரர் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. நீயும் வாடி, தனியா நடக்க என்னமோ மாதிரி இருக்கு என்று தினமும் கூப்பிட்டாய். நான் வரவில்லை. பத்தொன்பது நாள் நடந்தாய். ஆமாம், எனக்கு எண்ணிக்கை நினைவிருக்கிறது. பத்தொன்பதாம் நாள் நான் வெண்ணெய் தடவிய பன் இரண்டு வாங்கிக்கொண்டு வாசலில் நின்று, நீ மூச்சு வாங்க வந்ததும் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, யாரைக் கட்டிக்கிறதுக்குடி இந்த நடை என்று கேட்டேன்.

காவலாளி சிரித்தார். நீயும் சிரித்தாய். பன்னை வாங்கிச் சாப்பிட்டாய். அதற்குப் பிறகு நீ நடக்கவே இல்லை.

அன்று எனக்கு அது ஒரு வேடிக்கைப் பேச்சு. நீ இளைத்துவிட்டால் நான் மட்டும் குண்டாக நிற்பேனே என்ற பயம் அதற்குள் இருந்தது என்பது எனக்கு இப்போதுதான் தெரிகிறது. போன வருடம் நீ எழுதியிருந்தாய், நாலு வருஷம் முன்னாடியே எடையைக் குறைச்சிருந்தா மூட்டு இவ்வளவு தேய்ஞ்சிருக்காதுன்னு டாக்டர் சொல்றார் என்று. அந்த வரியில் என் பேர் இல்லை. ஆனால் நான் அதை நூறு தடவை படித்திருக்கிறேன்.

பிறகு எனக்கென்று வந்தபோது நான் எங்கே நடந்தேன் தெரியுமா? அதே மதிலைச் சுற்றித்தான். நீ கூப்பிட்டபோது வராதவள், நீ இல்லாதபோது நடந்து பதினைந்து கிலோ குறைந்து நிற்கிறேன். ஒவ்வொரு கிலோவும் உன்னிடமிருந்து எடுத்தது போல் இருந்தது. ஒன்று குறைந்ததும் சொல்லியிருக்கலாம். ஐந்தில் வெட்கம் வந்தது, பத்தில் பயம் வந்தது, பதினைந்தில் உன் பார்சல் வந்தது. ஒருபக்கம் மூச்சு வாங்காமல் படி ஏறுகிறேன், சந்தோஷமாக இருக்கிறது. இன்னொருபக்கம் அந்தச் சந்தோஷத்தை உன்னிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது, உடனே வாய் அடைத்துக்கொள்கிறது. நான் செய்தது நல்லதா கெட்டதா என்று எனக்குப் புரியவில்லை அக்கா.

நான் கேட்ட அந்தக் கேள்விக்கு நீ இப்போது பதில் சொல்லிவிட்டாய். இந்த எடையோடும் வலிக்கிற முழங்காலோடும் ஒரு நல்ல மனிதருக்கு உன்னைப் பிடித்திருக்கிறது. எனக்கு எவ்வளவு நிம்மதி என்று எழுதத் தெரியவில்லை. மன்னித்துவிடு என்றும் எழுதத் தெரியவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். மன்னித்துவிடு.

கவுனை வெட்டவில்லை. கல்யாணத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை பகல் வண்டியில் அதைப் பையில் போட்டுக்கொண்டு வருகிறேன். அப்போது இன்னும் மூன்று நாள் இருக்கும். நீயே என் மேல் போட்டுப் பார்த்து, எங்கே பிடிக்க வேண்டுமோ அங்கே பிடித்துக் குண்டூசி குத்து. சதையில் குத்தினாலும் வாயைத் திறக்க மாட்டேன். பக்கத்தில் நிற்க வேண்டாம், கடைசி வரிசையில் உட்கார் என்றாலும் உட்காருகிறேன். திட்ட வேண்டியதையெல்லாம் நேரில் திட்டு. வராதே என்று மட்டும் எழுதிவிடாதே.

நீயும் அவரும் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். முழங்காலுக்கு வைத்தியம் பார்ப்பதை அவருடைய மாத்திரையோடு நிறுத்திவிடாதே, பெரிய டாக்டரிடம் காட்டு. நானும் கூட வருகிறேன்.

அந்த வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு உன் கதவைத் தட்டுவேன். திறந்ததும் ஒரு நிமிடம் உனக்கு அடையாளம் தெரியாமல் போகலாம். யாரோ என்று சாத்திவிடாதே.

நான்தான்,
உன் தங்கை