இரண்டு காருக்கு ஒரே கையெழுத்து

மார்ச் 3

என் அக்கா பெற்ற தங்கமே, குட்டிம்மா,

நான் சௌக்கியம், முழங்கால்தான் என் பேச்சைக் கேட்பதில்லை. பஸ் போகாத ஊரில் ஆஸ்பத்திரி நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறது, ஏப்ரல் ஒன்றாம் தேதி சேர வேண்டும், என் பெயரில் லீஸுக்கு ஒரு கார் பேசுங்கள் மாமா என்று எழுதியிருந்தாய். பேசினேன் பார்! நான் நுழைந்ததும் ஷோரூமே எழுந்து நின்றது. ஏசிக்கே வேர்த்துவிட்டது.

"ஒரு காருக்கெல்லாம் குறைக்க முடியாது சார்" என்றார் மேனேஜர்.

"யோவ், ஒரு கார் எடுக்க வந்த மூஞ்சியா இது? ரெண்டா எடுத்தா என்ன தருவே?" என்றேன். எழுந்து வாசல்வரை நடந்தேன். ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். மாதத் தவணையில் கால்வாசி போச்சு!

இன்னொரு காரை எடுக்க ஆள் வேண்டுமே, நேராக மாப்பிள்ளை ஆபீஸுக்குப் போனேன். "அவளுக்கு எதுக்கு மாமா காரு?" என்றார். வேலை விஷயத்தை அவரிடம் நீ இன்னும் சொல்லவில்லையாமே. நல்ல சேதிதானே என்று நானே போட்டு உடைத்துவிட்டேன். சிரித்தபடியே என்னோடு ஷோரூமுக்கு வந்து கையெழுத்துப் போட்டார். இரண்டுக்கும் ஒரே ஒப்பந்தம், அவர் பெயரில். வரி விடாமல் படித்தேன். கண்ணாடியை மறந்துவிட்டதால் மேனேஜர் வாசித்தார், அவ்வளவுதான்.

உன் தாய்மாமன்

மார்ச் 19

அன்புள்ள மாமா,

நீங்கள் நல்ல மனசோடுதான் செய்தீர்கள். ஆனால் வேலையில் சேரும்வரை அவர் காதில் விழக்கூடாது என்று அடிக்கோடு போட்டு எழுதியிருந்தேனே.

கார்கள் வந்துவிட்டன. வீட்டுப் பக்கத்துச் சந்தில் என்னுடையது உள்ளே நிற்கிறது; அவருடையது வழியை அடைத்துக்கொண்டு பின்னால். இத்தனை நாள் ஆபீஸ் காரில் போனவர் இப்போது நடந்தே ஆபீஸ் போகிறார். தன் கார் சாவியையும் எடுத்துக்கொண்டு. "உன் வண்டிதானே, ஓட்டேன்" என்கிறார்.

ஒன்றாம் தேதிக்குள் என் காரை மட்டும் என் பெயருக்குப் பிரித்துக் கேளுங்கள் மாமா. ஷோரூம்காரர்கள் வந்து எடுத்துக் கொடுத்தால் அவர் தடுக்க முடியாது.

குட்டி

மார்ச் 26

குட்டிம்மா,

மேனேஜரைக் காய்ச்சி எடுத்துவிட்டேன். நடுங்கிப்போனார். நடுங்கிக்கொண்டே, "ஒண்ணைப் பிரிச்சா சலுகையே போயிடும் சார். பிரிக்கணும்னாலும் பேர் போட்டவர் வந்து கையெழுத்துப் போடணும்" என்றார்.

மாப்பிள்ளையிடம் போனேன். காபி வாங்கிக் கொடுத்தார். "இவ்ளோ நல்ல பேரம் பேசியிருக்கீங்க மாமா. யாராவது கெடுத்துப்பாங்களா?" என்றார். காபிக்கு நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நான்!

விடு, ஷோரூம் முதலாளியையே பிடிக்கிறேன். நேற்றுக்கூட என்னைப் பார்த்துத் தலையாட்டினார். என்னைப் பார்த்துத்தான் என்று நினைக்கிறேன்.

உன் மாமன்

ஏப்ரல் 8

அன்புள்ள மாமா,

ஒன்றாம் தேதி விடியுமுன் கிளம்பி நடந்தேன். பாதி வழியில் ஒரு லாரிக்காரர் ஏற்றிக்கொண்டார். போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. தலைமை நர்ஸ் நல்லவர். உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். "ராத்திரி டியூட்டிக்கும் இப்படித்தான் வருவியாம்மா?" என்று கேட்டார். வேறொரு பெண்ணை எடுத்துவிட்டார்கள்.

மறுநாளே அவர் தன் காரைத் தெருவில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். சந்து முழுக்கக் காலி. "எங்க போகணுமோ போயேன்" என்கிறார்.

முதலாளியைப் பார்க்கப் போகாதீர்கள். கோபமெல்லாம் இல்லை மாமா. எனக்காக இனி யாரிடமும் பேச வேண்டாம்.

குட்டி