சின்னையா பார்த்துக்கொண்டதாகச் சொன்னீர்கள்

மாமா,

இன்று காலை என் மருமகள் குக்கருக்குப் புது ரப்பர் வளையம் வாங்கி வந்து, கடை வாசம் போகட்டும் என்று கொதிநீரில் போட்டு வைத்தாள். நான் கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். வெந்த ரப்பரின் வாசம் மூக்கில் ஏறியதும் கை அப்படியே நின்றுவிட்டது. முகம் சுட்டது. ஒரு கிழவி மடியில் கீரையை வைத்துக்கொண்டு புதுப்பெண் மாதிரி சிவந்து போயிருந்தால் பார்ப்பவர்களுக்குச் சிரிப்புத்தான் வரும். "என்னாத்தே, பிரஷர் ஏறிடுச்சா?" என்று மருமகள் கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்வது?

உங்கள் மகன் இருந்தவரை, மாமனாரோடு ஒரே சோபாவில் உட்கார்ந்து டிவி பார்த்தவள் இவள். அவர் கையிலிருந்த முறுக்கைப் பிடுங்கித் தின்பாள். இவளிடம் போய் நம் இருவர் கதையைச் சொன்னால் புரியாது. வெட்கம் என்றால் என்னவென்றே தெரியாத கொடுத்துவைத்த பிறவி.

மலாயாவில் கோலா சாவாப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், கூலிக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்தில் நாம் இருந்த வீடு எவ்வளவு பெரியது என்று உங்களுக்குத் தெரியும். படுத்தால் கால் அடுப்பில் இடிக்கும். அந்த வீட்டுக்குள்ளேயும் நான் உங்கள் கண்ணில் படாமல் குடித்தனம் நடத்தினேன். நீங்கள் உள்ளே நுழைந்தால் நான் கதவுக்குப் பின்னால் போய்விடுவேன். அத்தை இருந்தவரை அவர் வழியாகப் பேசினோம். அத்தை போன பிறகு உங்கள் மகன் வழியாக. அவரை ஜப்பான்காரன் சயாமில் ரயில் பாதை போட லாரியில் ஏற்றிக்கொண்டு போன பிறகு நமக்கு மிஞ்சிய வழி பாப்பா ஒருத்திதான். அவளுக்கு அப்போதுதான் மழலை வந்துகொண்டிருந்தது. "பாப்பா, தாத்தாவைக் கெழங்கு திங்க வரச் சொல்லு" என்பேன். அவள் பாட்டுக்கு விரலைச் சூப்பிக்கொண்டிருப்பாள். "பசிக்கலன்னு அம்மாகிட்ட சொல்லு பாப்பா" என்று வாசலிலிருந்து நீங்கள் சொல்வீர்கள். நமக்கு நடுவில் அந்தக் குழந்தை ஒரு தடுப்பு. அது இருந்ததால் மானத்தோடு இருந்தோம்.

அப்புறம் உங்களுக்கு மூத்திரம் கட்டிக்கொண்டது.

ஒரு நாள் விடிந்ததிலிருந்து நீங்கள் ரப்பர் மரங்களுக்குள் போவதும் திரும்புவதுமாக இருந்தீர்கள். யாரிடமும் வாய் திறக்கவில்லை. பிறகு வாசல் கட்டையைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றீர்கள். வேட்டிக்கு மேலே அடிவயிறு மாசமான பெண்ணுக்கு இருப்பதுபோல உருண்டு தெரிந்தது. நான் பார்க்கக்கூடாது, ஆனால் பார்த்துவிட்டேன். பக்கத்து வீட்டுச் சின்னையாவைக் கூப்பிட்டு, தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸரை அழைத்து வரச் சொன்னேன். கால் ஊனம் என்று சயாமுக்கு எடுக்காமல் விட்ட ஆள் அவர். லயத்தில் அன்று ஆம்பிளை என்று சொல்லிக்கொள்ள அவரும் உங்களைப் போல வயதானவர்களும்தான் இருந்தார்கள்.

டிரஸ்ஸர் வந்து உங்கள் வயிற்றில் விரலை வைத்துப் பலாப்பழம் தட்டுவதுபோலத் தட்டிப் பார்த்தார். சிவப்பு ரப்பர் குழாய் ஒன்றை உள்ளே விட்டு மூத்திரத்தை எடுத்தார். அடுத்த நாளே ஜப்பான்காரன் தன்னை எங்கேயோ மாற்றப் போகிறான் என்பதால், அதை எப்படிச் செய்வது என்று சின்னையாவுக்கு விளக்கமாகச் சொன்னார். நான் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டேன். அடிவயிற்றில் முன்னெலும்புக்குப் பின்னால் ஒரு பை இருக்கிறதாம். இரண்டு குண்டிக்காயிலிருந்தும் மெல்லிய குழாய் வழியாக ராப்பகலாக அதில் மூத்திரம் சொட்டிக்கொண்டே இருக்குமாம். சதையால் ஆன பை என்பதால் நிறைய நிறைய விரிந்துகொடுக்கும். ஓரளவு நிறைந்ததும் மூளைக்குச் சேதி அனுப்பும். நாம் இடம் பார்த்து உட்காரும்வரை வாயிலிருக்கும் சதை வளையம் இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும். நாம் மனசு வைத்தால் வளையம் தளரும், பை சுருங்கும். வயதான ஆண்களுக்கு அந்த வாயைச் சுற்றியிருக்கும் சுரப்பி வீங்கிக் கழுத்தை நெரித்துவிடுகிறதாம். உங்களுக்கு நடந்தது அதுதான். எடுக்கும்போது ஒரேயடியாகக் காலி செய்யக்கூடாது, குழாயைப் பாதியில் மடக்கிப் பிடித்துக் கொஞ்சம் பொறுத்துத்தான் மிச்சத்தை விடவேண்டும், இல்லையென்றால் மயக்கம் வரும் என்றார். கடைசியாக உங்களைப் பார்த்து, "வெக்கப்பட்டா வளையம் இன்னும் இறுகும், பெரியவரே. மூச்ச விட்டுட்டு சும்மா கெடங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். யாரிடம் போய் வெட்கப்படாதே என்று சொல்கிறார் பாருங்கள்.

குழாயைக் கொதிக்க வைப்பது என் வேலையாயிற்று. விற்க ஆளில்லாமல் புகை வீட்டில் ரப்பர் ஷீட்டு அடுக்கடுக்காகக் கிடந்தது. தோட்டம் முழுக்க ரப்பர். உங்கள் உயிர் மட்டும் ஒரு முழக் குழாயில் தொங்கியது. அதற்குத் தேங்காயெண்ணெய் தடவச் சொல்லியிருந்தார் டிரஸ்ஸர். வாழ்நாளெல்லாம் ரப்பர் ஸ்டோரில் வேலை பார்த்தவர் நீங்கள். "எண்ணெ பட்டா ரப்பர் ஊறிப் போயிரும்னு அம்மாகிட்ட சொல்லு பாப்பா" என்றீர்கள். நான் செம்பருத்தி இலையைக் கொதிக்க வைத்து, அந்த வழவழப்பை வடிகட்டிக் கொடுத்தேன். அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. சின்னையா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். நான் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்க் குழாயடிக்குப் போய்விடுவேன்.

பிறகு சின்னையாவுக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. போர்த்திக்கொண்டு பல் கிட்டிக் கிடந்தார். உங்களுக்கோ கண் புகைந்து போயிருந்தது, விரலும் நடுங்கியது. நீங்களே முயன்று பார்த்து ரத்தம் வரவழைத்துக்கொண்டீர்கள். நான் சின்னையாவின் வாசலில் போய் நின்றேன். "நீதான் செய்யணும்லா, வேற யாரு இருக்கா" என்று போர்வைக்குள்ளிருந்து சொன்னார். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். உங்களுக்காக அழுதேன் என்று பொய் சொல்ல மாட்டேன். எனக்காகத்தான் அழுதேன். எனக்கு அப்பா இல்லை, அண்ணன் தம்பி இல்லை, கட்டியவர் சயாமில் இருக்கிறாரா செத்தாரா என்று தெரியாது. நீங்களும் போய்விட்டால் குழந்தையோடு அந்த லயத்தில் நான் தனி. அதனால் எழுந்து வந்தேன்.

பாப்பாவை அடுத்த வீட்டில் விட்டுவிட்டேன். உள்ளே வந்து கதவைச் சாத்தியதும்தான் நமக்கு நடுவில் யாரும் இல்லை என்பது உறைத்தது. உங்களுக்கும் உறைத்திருக்க வேண்டும். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டீர்கள். எனக்கும் ஒரு துண்டு கிடைக்காதா என்று இருந்தது. ஆனால் எனக்குக் கண் வேண்டுமே. ரப்பர் பால் எடுக்கும் வாளியைக் கீழே வைத்தேன். கை கழுவினேன். பிறகு நடந்ததை நான் இங்கே எழுத மாட்டேன், மாமா. குழாய் பாதி வழியில் நின்றுவிட்டது என்பதை மட்டும் எழுதுகிறேன். உங்கள் உடம்பு முழுக்க விறைத்துப் போயிருந்தது. அழுத்தக்கூடாது என்று டிரஸ்ஸர் சொல்லியிருந்தார். நான் சுவரைப் பார்த்து, மூச்சு விடச் சொல்லு என்றேன். சுவர் சொல்லவில்லை. கூரையைப் பார்த்துச் சொன்னேன். துண்டு அசையவில்லை.

"மாமா, மூச்ச விடுங்க."

உங்கள் வீட்டுக்கு வாழ வந்து நான் உங்களிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அதுதான். துண்டு மெல்ல ஏறி இறங்கியது. குழாய் வழுக்கி உள்ளே போனது. வாளியில் சத்தம் கேட்டதும், எனக்கு வந்தது சந்தோஷமா அருவருப்பா என்று இன்றுவரை பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பாதியில் மடக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். துண்டுக்குள்ளே நீங்கள் அழுதுகொண்டிருந்தீர்கள். நான் கேட்காத மாதிரி இருந்தேன்.

லயத்து வீட்டுச் சுவர் கூரைவரை போகாது. ஒரு வீட்டில் தும்மினால் கடைசி வீட்டில் வாழ்த்துவார்கள். சின்னையா படுத்துக் கிடக்க, நம் வீட்டுக் கதவு காலையும் மாலையும் சாத்தித் திறப்பதை லயம் கணக்கு வைத்துக்கொண்டது. நான் வாளியை எடுத்துக்கொண்டு பின்னால் போகும்போது குழாயடியில் பேச்சு நிற்கும். ஒருத்திக்கு மட்டும் வாய் நிற்கவில்லை. நம் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "அவளுக்கு வேலைக்காட்டுல பாலுக்கு வெட்டுற மரம் பத்தல போல, வீட்லயும் மரம் வெட்டுறா" என்றாள். நாலைந்து பேர் சிரித்தார்கள். நான் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன். நீங்கள் பாயில் படுத்திருந்தீர்கள். இரண்டு பேருக்கும் காது கேட்டது. செத்துப் போகலாம் போல இருந்தது எனக்கு. உங்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கிறது. ஆனால் நீங்கள் அதை மனதோடு விடவில்லை, செய்ய ஆரம்பித்துவிட்டீர்கள்.

அதற்குப் பிறகு வாளியில் விழுவது குறைந்தது. நிறம் கறுத்து, நாற்றம் கூடி, கலங்கலாக வந்தது. உடம்பு தணலாகக் கொதித்தது. வீக்கம் கூடிவிட்டதோ, பை புண்ணாகிவிட்டதோ என்று நான் பயந்தேன். குடிக்க நான் வைத்த தண்ணீர் டம்ளர் ஒவ்வொரு முறையும் காலியாகத்தான் இருந்தது. வாசல் கட்டைக்கு ஓரமாக மண் ஈரமாகக் கிடந்ததைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. மழையே இல்லாத நாட்கள் அவை. தண்ணீர் குடித்தால்தானே பை நிறையும், பை நிறைந்தால்தானே மருமகள் வருவாள். நான் வைத்ததையெல்லாம் மண்ணுக்குக் குடிக்கக் கொடுத்துக்கொண்டிருந்தீர்கள்.

எனக்கு வந்த கோபத்தில் பாப்பாவைத் தேடவில்லை. டம்ளரை நிரப்பிக்கொண்டு வந்து நேராக உங்கள் முன்னால் நின்றேன். குடியுங்கள் என்றேன். நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நீ என் மகன் பொண்டாட்டி. உன் கையால இது நடக்கக் கூடாதும்மா. நாந்தான் போயிர்றேனே" என்றீர்கள். நீங்கள் என்னிடம் நேராகப் பேசியதும் அன்றுதான்.

"ஒங்க மகன் திரும்பி வந்து அப்பா எங்கன்னு கேட்டா நா என்னா சொல்றது? வெக்கத்துல செத்துட்டாருன்னு சொல்லவா?"

லயம் முழுக்கக் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் கத்தினேன். நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. டம்ளரை வாங்கி, கடைசிச் சொட்டுவரை குடித்தீர்கள். நான் இன்னொரு டம்ளர் கொண்டு வந்தேன். அதையும் குடித்தீர்கள்.

தண்ணீர் உள்ளே போகப் போகக் கலங்கல் தெளிந்தது, காய்ச்சலும் இறங்கியது. பிறகு எந்தச் சாமி கண் திறந்ததோ, வீக்கம் கொஞ்சம் வாடி, முக்கி முக்கி நீங்களே போக ஆரம்பித்தீர்கள். சின்னையாவும் எழுந்து நடமாடினார். வெள்ளைக்காரன் திரும்பி வந்த பிறகு சிரம்பான் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தார்கள். அதற்குமுன் ஒருநாள், கறுத்து எலும்பாகி உங்கள் மகன் வாசலில் வந்து நின்றார். ஊரே கூடியது. சாப்பிட்டு முடித்து, "யாருப்பா ஒங்களப் பாத்துக்கிட்டது?" என்று கேட்டார். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

"சின்னையாதான் பாத்துக்கிட்டான்" என்றீர்கள்.

உங்கள் மகன் எழுந்து போய்ச் சின்னையாவைக் கட்டிக்கொண்டார். சின்னையா அவர் தோளுக்கு மேலே கதவைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். குழாயடி வாய்களும் பொத்திக்கொண்டன. சயாமிலிருந்து உயிரோடு வந்தவனிடம் அதைச் சொல்ல எவளுக்கும் மனம் வரவில்லை போலும். எனக்கு அப்போது எவ்வளவு நிம்மதி தெரியுமா? உங்கள் பொய்யைக் கும்பிட்டேன்.

அன்று மாலையே நீங்கள் பழையபடி பாப்பா வழியாகப் பேச ஆரம்பித்துவிட்டீர்கள். நானும் கதவுக்குப் பின்னால் போய்விட்டேன். அதற்குப் பிறகு நீங்கள் இருந்த வருடங்களில் நாம் ஒரு வார்த்தை நேராகப் பேசவில்லை. ஆனால் தண்ணீர் குடிக்கும்போது மட்டும், அடுப்படியிலிருந்து எனக்குத் தெரிகிற இடத்தில் வந்து நின்று குடிப்பீர்கள். குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்துக் காட்டிவிட்டு வைப்பீர்கள். ஒரு சொட்டு விழாது. நான் பார்க்காத மாதிரி அடுப்பை ஊதிக்கொண்டிருப்பேன்.

நீங்கள் போன அன்று வாசலில் உங்களைக் குளிப்பாட்ட எடுத்து வைத்தார்கள். "எங்கப்பாவப் பாத்துக்கிட்டவரு, மொதத் தண்ணி அவர்தான் ஊத்தணும்" என்று உங்கள் மகன் சின்னையாவின் கையைப் பிடித்து அழைத்து வந்தார். சின்னையா தலை நிமிராமல் ஊற்றினார். நான் நிலையருகே நின்றிருந்தேன். பெரியவள் ஒருத்தி என் தோளைத் தொட்டு, மருமகள் பார்க்கக்கூடாது, உள்ளே போ என்றாள். போனேன். கதவைச் சாத்திக்கொண்டு அந்தத் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன். நீங்கள் இருந்திருந்தால் நீங்களும் அதைத்தான் சொல்லியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். இருந்தும் அன்று எனக்கு உங்கள் மேல் கோபமாக இருந்தது, மாமா.

சின்னையா போய்விட்டார். உங்கள் மகனும் கடைசிவரை தெரியாமலே போய்விட்டார். எத்தனையோ முறை சொல்ல வாயெடுத்தேன், நாக்கு எழவில்லை. இனி இதற்காக முகம் சுளிக்க உலகத்தில் ஒருவரும் இல்லை. ஆனாலும் இதை எழுத உட்காரும்முன் அறைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தேன். உங்கள் பங்கு வெட்கத்தையும் சேர்த்து நான்தான் வைத்திருக்கிறேன்.