ஐந்தாவது எலுமிச்சை ஸ்டெப்னிக்கு

ஏங்க,

அசந்து தூங்குறீங்க, எழுப்ப மனசு வரல. ஹெப்பாள் ஸ்டாப்புக்குக் கம்பெனி பஸ் வந்துடும், நான் கெளம்புறேன். இட்லி ஹாட்பாக்ஸ்ல இருக்கு.

நேத்து நீங்க வாங்கிட்டு வந்த முழு சைஸ் ஸ்டெப்னி டயர் கார் டிக்கி குழிக்குள்ள அடங்கவே இல்ல. மேல மூடுற பலகை ஒரு சாண் தூக்கிட்டு நிக்குது. நான் கத்துனதுல தப்பே இல்ல.

ஆனா போன தடவை பஞ்சராகி, காரோட வந்த அந்தச் சின்ன ஸ்டெப்னியை மாட்டிக்கிட்டு கோபிநத்தம் காட்டு ரோட்டுல நீங்க ஊர்ந்து வந்ததை நெனச்சா, இந்தப் பெரிய டயரே இருக்கட்டும். இன்னைக்கு ஊருக்குப் போனா அங்க குடுக்குற ராகி மூட்டையைப் பின்சீட்டுல போட்டுக்கங்க.

சுமதி

பி.கு: ஃப்ரிட்ஜ்ல அஞ்சு எலுமிச்சம்பழம் இருக்கு. நாலைச் சக்கரத்துக்கு அடியில வெச்சு வண்டியை எடுங்க. அஞ்சாவது ஸ்டெப்னிக்கு, வழியில அதை மாட்டுனா அடியில வெக்க; ஜூஸ் போட்டுடாதீங்க. அது நசுங்காமலே திரும்பி வரட்டும். இந்த டயர் வெட்டியா இடத்தை அடைக்குதுன்னு நாளைக்கும் நான் சண்டை போடணும்.