மூக்கில் வைக்கிற பஞ்சு

பழங்காநத்தம், மதுரை
12.8.1982

அன்புள்ள அண்ணன் விருமாண்டிக்கு,

அம்மா சொல்லச் சொல்லத் தம்பி பேயாண்டி எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். பிலாய் உருக்காலையில் நீ எப்படி இருக்கிறாய் என்று முதலில் கேட்கச் சொல்கிறாள். மூக்கடைப்பில் ராத்திரி உறக்கமில்லை, பகலில் கிரேனில் உட்கார்ந்தால் கண் சொருகுகிறது, சூப்பர்வைசர் திட்டுகிறார் என்று அவனே எழுதிய பிறகு என்ன கேள்வி என்றேன். "நீ எழுதுடா, பெரிய இவன்" என்கிறாள். எழுதிவிட்டேன். உசிலம்பட்டிப் பக்கம் மழையே இல்லை, கடலை போன மாதிரிதான். ஒச்சாயி அத்தை வீட்டுச் செவலைப் பசு கிடாரிக்கன்று போட்டிருக்கிறது. ஊர்ச் செய்தி அவ்வளவுதான்.

அம்மா சரி என்றால்தான் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடுவேன் என்று எழுதியிருந்தாய். வேண்டாம் என்கிறாள். "எம்புள்ள மூக்குல எவனும் பஞ்சு வைக்கக் கூடாது, மூச்சு முட்டுனா முட்டிட்டுப் போகுது" என்று அவள் சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன். இனிமேல் வருவது என் பேச்சு. மில்லில் காற்றுக்குழாய் வேலை பார்க்கிறவன், போன தை மாதம் இதே ஆபரேஷனைச் செய்துகொண்டவன், அதனால் சொல்கிறேன். மூக்குக்குள் இரண்டு பக்கத்தையும் பிரிக்க நடுவில் ஒரு தடுப்பு இருக்கிறது. எனக்கு அது பிறவியிலேயே கோணல். உனக்கு ஆயில் எஞ்சின் கைப்பிடி உதறி அடித்ததில் வளைந்தது. குழாய்க்குள் தகடு வளைந்து கிடந்தால் மோட்டார் எவ்வளவு இழுத்தாலும் காற்று வராது. சொட்டு மருந்தும் ஆவியும் தகட்டை நிமிர்த்தாது. வளைந்ததை வெட்டிச் சீர் பண்ணித்தான் ஆக வேண்டும். எல்லாம் மூக்குத் துவாரம் வழியாகவே செய்கிறார்கள், வெளியே தழும்பு கிடையாது, முகமும் மாறாது. எனக்கு மரத்துப்போக ஊசி போட்டுத்தான் செய்தார்கள். வலி இல்லை, ஆனால் உளியைத் தட்டுகிற சத்தம் மண்டைக்குள் கேட்கும், பயப்படாதே. அங்கே மயக்கம் கொடுத்தே செய்யலாம், கேட்டுக்கொள்.

முடிந்ததும் இரண்டு பக்கமும் அடைத்துவிடுவார்கள். மருந்து தடவிய நாடா மாதிரித் துணிதான் உள்ளே போவது, வெளியே தெரிவது மட்டும் பஞ்சு. அதை எடுக்கிற வரைக்கும் வாயால்தான் மூச்சு. நாக்கு காய்ந்து மரக்கட்டையாகும், எச்சில் விழுங்கினால் காது அடைக்கும், கண்ணில் நீர் வடியும், தலை பாரமாக இருக்கும். தொண்டையில் ரத்தம் இறங்கினால் விழுங்காமல் துப்பு. தலையணையை உயர்த்திப் படு. சூடாக எதையும் குடிக்காதே. பஞ்சு இருக்கிறவரை ஊர்க்காரன் ஒருத்தனையும் வார்டுக்குள் விடாதே. ஏன் என்று கேட்பாய். எனக்கு ஆபரேஷன் முடிந்த அன்று ஒச்சாயி அத்தை முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தாள். நான் அசந்து உறங்கிக்கொண்டிருந்தேன். மூக்கில் பஞ்சைப் பார்த்தாளோ இல்லையோ, கூந்தலை அவிழ்த்துப் போட்டு மாரில் அடித்துக்கொண்டு, "எங்கண்ணன் பெத்த கொழுந்தே" என்று ஒப்பாரியை ஆரம்பித்துவிட்டாள். நான் எழுந்து உட்கார்ந்தும் நிறுத்தவில்லை. பக்கத்துக் கட்டில் ஆள், "யம்மா, பொணம் எந்திரிச்சு ஒங்களத்தான் மொறைக்குது" என்றார். வார்டே சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை. வெந்நீர் வாங்கப் போனவள் வராந்தாவில் அந்த ஒப்பாரியைக் கேட்டு அங்கேயே விழுந்தாள். பஞ்சு எடுக்கிற வரைக்கும் உள்ளே வரவே இல்லை, வெளியே சுவரோரம் சுருண்டு கிடந்தாள். அய்யாவுக்கு மூக்கில் பஞ்சு வைத்தபோது நீ ரயிலில் வந்துகொண்டிருந்தாய், பார்க்கவில்லை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். அவள் முரண்டு பிடிக்கிறாள் என்று நினைக்காதே, நானும் இத்தனை நாள் அப்படித்தான் நினைத்தேன்.

பஞ்சு எடுப்பதுதான் இதில் கஷ்டமான வேலை. பொய் சொல்ல மாட்டேன். டாக்டர் நாடாவை இழுக்க இழுக்க வந்துகொண்டே இருக்கும், மூளையே கூட வருகிறதோ என்று தோன்றும், ரத்தமும் கொஞ்சம் வரும். பிறகு நின்றுவிடும். மூக்கைச் சிந்தாதே, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்மு, குனிந்து பாரம் தூக்காதே. உடனே காற்று பிய்த்துக்கொண்டு போகும் என்று எதிர்பார்க்காதே, வீக்கம் வடியச் சில வாரம் ஆகும், பொருக்குக் கட்டும், நோண்டாதே. அதன் பிறகு நான் வாயை மூடி உறங்குகிறேன்.

இதை எழுதி உரக்கப் படித்தேன். அம்மா அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டு, "எடுக்கிறப்ப வலிச்சுச்சா?" என்று கேட்டாள். இத்தனை மாதத்தில் இந்தப் பேச்சை அவளாக எடுத்தது இதுதான் முதல் தடவை. உயிர் போகிற வலி என்றேன். வாயில் வந்துவிட்டது. சுளகைக் கீழே வைத்தாள். பிறகு, "வலிச்சா நல்லதுதான். ஒங்கய்யாவுக்கு வலிக்கல. யாரும் எடுக்கவும் இல்ல" என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "செஞ்சுக்கிறச் சொல்லு. எடுக்குற பஞ்சுதானேன்னு நான் சொன்னதா எழுது" என்றாள். எழுதிவிட்டேன். கையெழுத்துப் போடு, நாள் கடத்தாதே.

இரண்டு மூக்கிலும் காற்று ஓட, நீ நிம்மதியாக உறங்கி எழ வேண்டும் என்று அம்மா கருப்பசாமிக்குக் காசு முடிந்து வைத்திருக்கிறாள், உனக்கு அவள் ஆசீர்வாதம். முடிந்ததும் தந்தி மட்டும் அடித்துவிடாதே அண்ணே, தந்திக்காரன் சைக்கிள் வாசலில் நின்றாலே அவளுக்கு உயிர் போய்விடும். பஞ்சு எடுத்த அன்றைக்கே ஒரு கார்டு போடு. வலித்தது என்று எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா சீனியம்மாள்
(எழுதியது பேயாண்டி)