சொட்ட வேண்டிய குழாய்

நவம்பர் 11, செவ்வாய்

குளியலறை வாசலுக்கு நேர் மேலே சீலிங்கில் ஒரு கறை. நேற்று இல்லை. காலையில் பல் துலக்கிக்கொண்டு நிற்கும்போது தோளில் சொட்டென்று விழுந்தது. அடுத்த சொட்டைக் கையில் ஏந்திப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. அப்படியானால் மழைத் தண்ணீர் இல்லை. சீலிங்குக்கு மேலே இருக்கும் ஹீட்டர் தொட்டிதான். பதினான்கு வருஷமாக ஒரு பேச்சுமூச்சு இல்லாமல் கிடந்தவன், இன்றைக்கு வாயைத் திறந்திருக்கிறான்.

சுவிட்சை அணைத்தேன். பேசின் வைத்தேன். பழைய அளவு ஜாடியை அலமாரியிலிருந்து எடுத்தேன். முப்பத்தொரு வருஷம் வார்டில் நர்ஸாக நோயாளிக்கு உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்று அளந்து எழுதிய கை சும்மா இருக்குமா? காலை 7 முதல் 9 வரை 180 மில்லி.

ஒரு தொல்லை போனால் ஒரு தொல்லை. கார் போர்ச் ஓரத்தில் ஒரு சின்னக் குழாய் நாள் முழுக்கச் சொட்டிச் செருப்பு ரேக்கை நனைத்துக்கொண்டிருந்தது. அது நின்றுபோய்க் கொஞ்ச நாளாகிறது. இப்போது வீட்டுக்குள் ஆரம்பித்துவிட்டது.

நவம்பர் 12, புதன்

சுவிட்ச் 6.10க்கு ஆன், 6.35க்கு ஆஃப். அடுத்த ஒரு மணி நேரத்தில் 410 மில்லி. மத்தியானம் முழுக்கச் சுவிட்சைத் தொடவில்லை – 45 மில்லிதான். சூடானால்தான் அதிகமாக ஒழுகுகிறது. ஏன்?

நவம்பர் 13, வியாழன்

லோகனிடம் போனில் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. மகனிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

"சுவிட்ச ஆன் பண்ணிட்டு மறந்துட்டீங்களாம்மா?" இதுதான் அவன் கேட்ட முதல் கேள்வி. ஒழுகுவதைப் பற்றி இல்லை. என்னைப் பற்றி.

நேரம் போட்டு எழுதி வைத்திருக்கிறேன், எத்தனை மில்லி என்றுகூட இருக்கிறது என்றேன். "அம்மா, இது வார்டு இல்லம்மா" என்றான். பின்னால் மருமகள் விஷ்ணுப்பிரியா ஏதோ சொன்னாள். ஜூன் மாதத்துக் கதையாகத்தான் இருக்கும். ஜூனில் அடுப்பில் பருப்பை வைத்துவிட்டு உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்துவிட்டேன். அடிப்பிடித்துக் கரிந்துவிட்டது. ஒரு சட்டி. ஒரே ஒரு சட்டி! அன்றிலிருந்து அந்த வீட்டில் "அம்மாவுக்கு இப்பல்லாம் மறதி" என்பது என் பேருக்கு முன்னால் போடும் பட்டம் மாதிரி ஆகிவிட்டது.

நவம்பர் 15, சனி

லோகன் தன் பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டிலிருந்து வந்தான். கடையில் ரொட்டி சானாய் தப்பாவ் பண்ணி, பொட்டலமாகக் கொண்டு வந்தான். கூடவே ஒரு ஹீட்டர் ஆளையும்.

அந்த ஆள் சீலிங் ஓட்டையில் தலையை நுழைத்தான். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, இறங்கிவிட்டான். வீடு என்னுடையது. ஹீட்டரும் என்னுடையது. கேள்வி கேட்டதும் நான். பதில் மட்டும் என் மகனுக்கு. "பாஸ், டேங்க் போச்சு. வயசானவங்க சுவிட்ச அப்படியே விட்டுர்றாங்க லா. ரொம்ப நேரம் கொதிச்சா இப்படித்தான் ஆகும்."

"தம்பி, நான் இங்கதான் நிக்கிறேன்" என்றேன். சிரித்தான். மறுபடியும் லோகனைப் பார்த்துத்தான் பேசினான்.

அவன் போனதும் லோகன் உட்காரவைத்துப் பேசினான். வீட்டை வாடகைக்கு விட்டுவிடலாமாம். நான் அவர்களோடு வந்துவிடலாமாம். இருபதாவது மாடியில் ஒரு அறை காலியாக இருக்கிறதாம். லிஃப்ட் இருக்கிறதாம், வாசலில் காவலுக்கு கார்டு இருக்கிறானாம். டிசம்பர் நான்காம் தேதி ஞாபகசக்தியைச் சோதிக்கும் கிளினிக்கில் எனக்குப் பெயர்கூடக் கொடுத்தாகிவிட்டதாம்.

"இன்னிக்கு ஹீட்டரு. நாளைக்கு அடுப்புன்னா என்ன பண்றதும்மா? எனக்குத் தூக்கம் வர்றதில்ல."

அவன் கண் கலங்கியிருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. திட்டினால் திருப்பித் திட்டலாம். இப்படிப் பேசுகிறவனை என்ன செய்ய? ஆனாலும் சொல்லிவிட்டேன்: "என் வீட்ட விட்டு நான் எங்கயும் வரல. ஹீட்டர நான் பாத்துக்கறேன்."

நவம்பர் 16, ஞாயிறு

இதை வேறு யாருக்கும் சொல்ல முடியாது. இங்கே எழுதுகிறேன்.

பயமாக இருக்கிறது. எனக்கு உண்மையிலேயே மறதியா? நான்தான் ஒரு நாள் சுவிட்சை அணைக்காமல் விட்டேனா? மறந்தவளுக்கு, மறந்தது எப்படி ஞாபகம் இருக்கும்? வார்டில் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். நர்ஸை மிஸி என்றுதான் கூப்பிடுவார்கள். "எனக்கு ஒண்ணுமில்ல மிஸி, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு நிற்பார்கள். நானும் அதே பாட்டைத்தான் பாடுகிறேனோ?

கண்ணாடியில் சட்டையைப் பார்த்தேன். நேராகத்தான் இருந்தது. சீ, என்ன பிழைப்பு இது!

நவம்பர் 18, செவ்வாய்

பாசாரில் மீன் வாங்கிக்கொண்டு வருகிறேன், கேட்டில் ஒரு பிளாஸ்டிக் பானர் தொங்குகிறது. மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்து. வீடு வாடகைக்கு என்று. கீழே ஏஜெண்டின் போன் நம்பர்.

என் கேட்டில்! நான் உள்ளே குடியிருக்கும்போதே!

மீன் பையைக் கீழே வைத்தேன். நான்கு முனையிலும் வயர் கட்டியிருந்தார்கள். கத்தரிக்கோல் எடுக்கக்கூட உள்ளே போகவில்லை, கையாலேயே முறுக்கி அவிழ்த்தேன். விரலில் கீறி ரத்தம் வந்தது. வரட்டும். எதிர்வீட்டு ராதாகிருஷ்ணன் அண்ணன், போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர், தன் கேட்டருகே வந்து நின்றார். "என்ன மிஸி, வீட்ட விட்டுப் போறீங்களா?"

"போறேன் அண்ணே. பொணக் காடிதான் வரணும் என்னைத் தூக்கிட்டுப் போக."

அவர் சிரிக்கவில்லை. தன் மருமகன் வீட்டு ஹீட்டரைச் சரிசெய்த ஒரு பையன் பக்கத்தில் காப்பாரில் இருக்கிறான், பெயர் ஹைதர், நல்ல வேலைக்காரன் என்று நம்பர் கொடுத்தார். பானரைச் சுருட்டி ஸ்டோரில் போட்டேன். நல்ல கெட்டி பிளாஸ்டிக். எதற்காவது ஆகும்.

லோகனுக்குப் போன் செய்து, "இன்னொரு தடவ என் கேட்டுல கைய வெச்ச, பாத்துக்க" என்றேன். ஏஜெண்ட் அவசரப்பட்டுவிட்டான் என்றான். யார் சொல்லாமல் ஏஜெண்ட் அவசரப்படுவான்?

நவம்பர் 20, வியாழன்

ஹைதர் சனிக்கிழமை வருகிறான். போனிலேயே மூன்று கேள்வி கேட்டான். மூன்றும் என்னிடம். இந்த ஒன்றுக்காகவே அவனைப் பிடித்துப்போயிற்று.

நவம்பர் 22, சனி

இன்றைக்கு நடந்ததை ஒன்றுவிடாமல் எழுத வேண்டும்.

ஹைதர் ஒன்பது மணிக்கு மோட்டார் சைக்கிளில் வந்தான். முப்பது வயது இருக்கும். மேலே ஏறும் முன், போனில் நான் சொல்லியிருந்த அளவுக் கணக்குத் தாளைக் கேட்டான். கொடுத்தேன். நின்றபடியே பன்னிரண்டு நாள் கணக்கையும் படித்தான். "ஆன்டி, இத யாரு எழுதுனது? சுவிட்ச் போட்டா கூடுது, அணைச்சா கொறையுது. அப்ப உள்ள பிரஷர் எறங்க வழியில்லன்னு அர்த்தம்." அப்புறம்தான் ஏறினான். அரைமணி நேரம் உள்ளே டார்ச் வெளிச்சம் அங்குமிங்கும் ஓடியது.

தலையை மட்டும் வெளியே நீட்டிக் கேட்டான்: "ஆன்டி, இதுல இருந்து ஒரு சின்ன பைப் வெளிய போகுதே. எங்க போய் முடியுது?"

"போர்ச்சுக்கு. முன்னாடி சொட்டிக்கிட்டே இருக்கும். இப்ப நின்னுபோச்சு."

அவன் முகம் மாறியது. இறங்கி வந்தான்.

"நின்னுபோச்சா? ஆன்டி, அது சொட்டணும். தண்ணி சூடானா பெருகும். பெருகுறது அந்த வழியாத்தான் வெளிய போகும். அது சொட்டுனாதான் ஹீட்டர் நல்லா இருக்குன்னு அர்த்தம். அத அடைச்சா டேங்க்தான் வெடிக்கும். எப்பருந்து சொட்டல?"

எப்போதிருந்து? வாயைத் திறந்தேன். பதில் வரவில்லை. பார்த்தாயா, மறதி! அப்புறம்தான் உறைத்தது – எனக்கு எதற்கு ஞாபகம்? அதற்குத்தானே இந்த நோட்டு. உள்ளே போய் எடுத்துவந்து பின்னோக்கிப் புரட்டினேன். தீபாவளிக்கு முந்தின நாள். அக்டோபர் 19. என் கையெழுத்தில்:

"லோகனும் பிரியாவும் காலையிலேயே வந்துவிட்டார்கள். போர்ச்சில் கலர் அரிசியில் கோலம், பெரிய மயில். பிரியா மூன்று மணி நேரம் குனிந்தே போட்டாள். ஓரக் குழாய்த் தண்ணீர் மயில் தோகையில் சொட்டிப் பச்சை நிறம் ஓடிவிட்டது. பாவம், அழாத குறை. லோகன் ஏணி போட்டு ஏறி என்னவோ செய்தான். சொட்டு நின்றுவிட்டது. கெட்டிக்காரன்."

கெட்டிக்காரன்! நானேதான் எழுதியிருக்கிறேன்.

ஹைதருக்குப் படித்துக் காட்டினேன். ஹீட்டர் சூடெல்லாம் இறங்கும்வரை தண்ணீரைத் திறந்துவிட்டுக் காத்திருந்தோம். அப்புறம் ராதாகிருஷ்ணன் அண்ணன் வீட்டு ஏணியை வாங்கிப் போர்ச்சில் சாத்தினான். ஏறப் போனவனை நிறுத்தினேன்.

"நான் ஏறுறேன்."

"ஆன்டி, வேணாம் லா. விழுந்தீங்கன்னா உங்க மகன் என்னைத்தான் கேப்பாரு."

"என் மகன் என்னைக் கேக்கட்டும். நீ ஏணியப் பிடி."

அறுபத்து மூன்று வயது. ஆறு படி. ஹைதர் ஒரு பக்கம், அண்ணன் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். அண்ணன் முருகா முருகா என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார், அதுதான் எனக்குப் பயமூட்டியது. குழாய் வாயில் ஒரு பிளாஸ்டிக் பாக்கெட்டைச் சுருட்டித் திணித்து, மேலே ராஃபியா கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தது. முடிச்சைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. பள்ளிக்கூடத்துக்கு ஷூ லேஸ் கட்டிய நாளிலிருந்து அவன் அப்படித்தான் இரட்டை முடிச்சுப் போடுவான். பல்லைக் கடித்துக்கொண்டு அவிழ்த்தேன். பாக்கெட்டை உருவியதும் தண்ணீர் முழங்கை வரை பீய்ச்சியடித்தது. பாக்கெட் மடிப்புக்குள் நாலைந்து அரிசி ஒட்டியிருந்தது. பச்சை அரிசி.

கோபம் லோகன்மேல் மட்டும் இல்லை. என்மேலும்தான். கதீட்டர் குழாயைக் கட்டிப்போட்டுவிட்டு நோயாளிக்குச் சிறுநீர் நின்றுவிட்டது என்று சந்தோஷப்படும் நர்ஸ் உண்டா? வெளியே வர வேண்டியது வரவில்லை என்றால் ஏன் என்று கேட்க வேண்டாமா? வார்டில் கேட்டிருப்பேன். வீட்டில் 'கெட்டிக்காரன்' என்று எழுதிவிட்டுப் பலகாரம் சுடப் போய்விட்டேன்.

தொட்டியின் வெல்டிங் தையல் விட்டுவிட்டது, மாற்றத்தான் வேண்டும் என்றான் ஹைதர். போகும்போது, "வெடிக்காம விட்டுச்சே, ஆண்டவன் காப்பாத்துனான் ஆன்டி" என்றான். சுவிட்சை மறக்காமல் அணைத்தவளும் கொஞ்சம் காப்பாற்றினாள் தம்பி, என்றேன்.

நவம்பர் 23, ஞாயிறு

வரச் சொன்னேன், வந்தான். பிரியாவும் வந்தாள். டீ போட்டு ட்ரேயில் வைத்தேன். பிஸ்கட் வைக்கும் தட்டில் அந்தப் பாக்கெட்டை வைத்தேன், கயிறோடு.

லோகன் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "என்னம்மா இது?"

"போர்ச் பைப்ப நீ அடைச்சது. தீபாவளிக்கு மொத நாளு."

"நானா? நான் எப்பம்மா ஏறுனேன்? எனக்கு ஞாபகமே இல்லயே."

பிரியாதான் முதலில் பச்சை அரிசியைப் பார்த்தாள். "ஏங்க... மயிலு" என்றாள் மெதுவாக. அவன் காது சிவந்துபோயிற்று. சின்ன வயதிலும் அப்படித்தான், மாட்டிக்கொண்டால் காதுதான் முதலில் சொல்லும்.

நோட்டை விரித்து அக்டோபர் 19 பக்கத்தைக் காட்டினேன். படித்தான். கடைசிச் சொல்லில் வெகுநேரம் நின்றான்.

"ஸாரிம்மா. நான் போய் உங்கள..."

எத்தனை பேச்சுச் சேர்த்து வைத்திருந்தேன்! குளிக்கும்போதெல்லாம் ஒத்திகை பார்த்தேன். நாற்பது வயதில் உனக்கு ஞாபகம் இல்லையென்றால் அது வேலைப் பளு, எனக்கு இல்லையென்றால் மட்டும் வியாதியா என்று கேட்க நினைத்தேன். உன் வீட்டுக் கேட்டில் பானர் கட்டவா, உனக்கும் கிளினிக்கில் பெயர் கொடுக்கவா என்று கேட்க நினைத்தேன். அவன் காதைப் பார்த்ததும் பாதி போய்விட்டது. மிச்சப் பாதியை மட்டும் சொன்னேன்.

"நானுந்தான்டா மறந்தேன். ஆனா எழுதி வெச்சேன். இது என் வீடு. இருக்கணுமா போகணுமான்னு நான் சொல்றேன். நீ சொல்லாத."

டீ ஆறிவிட்டது. வேறு போட்டுக் கொடுத்தேன்.

நவம்பர் 27, வியாழன்

புதுத் தொட்டி மாட்டியாயிற்று. ஹைதர் எல்லாவற்றையும் எனக்கே விளக்கினான், இரண்டு தடவை. பேசினைக் கழுவிக் கவிழ்த்தேன்.

டிசம்பர் 4, வியாழன்

கிளினிக்குக்குப் போனேன். யாரும் இழுத்துக்கொண்டு போகவில்லை. லோகன் ரத்துசெய்துவிடலாம் என்றுதான் சொன்னான். எனக்குத் தெரிந்தாக வேண்டும், அதனால் நானே காரை ஓட்டிக்கொண்டு போனேன். கடிகாரம் வரையச் சொன்னார்கள். ஐந்து சொற்கள் சொல்லிப் பத்து நிமிஷம் கழித்துக் கேட்டார்கள். நான்கு சொன்னேன். ஐந்தாவது வாசல்வரை போனபின் வந்தது, திரும்பிப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். டாக்டர் சின்னப் பெண். "உங்க வயசுக்கு இது நல்லாவே இருக்கு சிஸ்டர். அடுத்த வருஷம் வாங்க போதும்" என்றாள்.

காரில் உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்துவிட்டுக் கடையில் நுரை பொங்க ஆற்றிய ஒரு தே தாரிக் டீ குடித்தேன்.

டிசம்பர் 21, ஞாயிறு

மார்கழி. தினமும் வாசலில் சின்னதாக ஒரு கோலம். போர்ச் குழாய் நன்றாகச் சொட்டுகிறது. கோலத்தை இரண்டடி தள்ளிப் போட்டுக்கொண்டேன். வேலை முடிந்தது. செருப்பு ரேக் நனையாமல் இருக்க அதன்மேல் அந்த வாடகை பானரை மடித்துப் போர்த்திவிட்டேன். சொன்னேனே, கெட்டி பிளாஸ்டிக். எழுத்து தெரிகிற மாதிரிதான் போட்டிருக்கிறேன்.

லோகன் மத்தியானம் சாப்பிட வந்தான். கோலத்தை மிதிக்காமல் சுற்றி வந்து, பானர்மேல் சொட்டு விழுவதைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். உள்ளே வந்து கை கழுவினான். ஹீட்டர் சுவிட்சைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். ஏதோ கேட்க வாயெடுத்தான்.

"மீன் கொழம்பாம்மா?" என்றான்.