எறிந்ததைக் கேட்டபோது

மார்ச் 4, திங்கள்
முடியும். ஒலிக் கோப்பைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கிவிடலாம். வீடு வீடாகப் போகும் நர்ஸுகள் பதிவு செய்யும் இதய ஒலி, மெதுவான நெட்வொர்க்கிலும் டாக்டரைச் சேர வேண்டும். வேவ்லெட் முறை ஒலியை அலைத் துணுக்குகளாக உடைக்கும். ஒரு வரம்புக்குக் கீழே இருப்பவற்றை எறிந்துவிடலாம். வரம்பை வைப்பது நான். அதனால் மேலாளருக்கு நான் 'கத்தரி'. "இன்னும் கொஞ்சம் வெட்டு, கத்தரி. ரத்தமா வரப்போகுது?"

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்காரர்கள் பார்க்க வருகிறார்கள்.

மார்ச் 5
சோதனைக்கு ஆரோக்கியமான இதய ஒலி ஒன்று குறைந்தது. அம்மாவின் நெஞ்சில் மைக்கை வைத்தேன். "சீக்கிரம்டி, அடுப்புல பால் இருக்கு." மாடி ஏறினால் மூச்சு வாங்கும், அவ்வளவுதான். கோப்பின் பெயர்: இயல்பு-7.

மார்ச் 6
சுருக்கியது அசலிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று சொல்லும் பிழை எண் மிகக் குறைவு. எல்லோருக்கும் திருப்தி.

மார்ச் 7
எறிந்ததை நான் கேட்கவே இல்லை. எண்ணை மட்டும் பார்த்திருக்கிறேன்.

அசலிலிருந்து சுருக்கியதைக் கழித்தால் மிஞ்சுவது நாம் எறிந்தது. அது வெறும் இரைச்சலாக இருக்க வேண்டும். ஆறு கோப்புகளில் அப்படித்தான். ஏழாவதில் ஒரு தாளம். ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னாலும் ஓர் ஊதல், கதவிடுக்கில் காற்று நுழைவதுபோல. மறுபடி போட்டேன். மறுபடியும்.

சுருக்கிய கோப்பில் அம்மா நன்றாக இருக்கிறாள். சுத்தமான துடிப்பு. நான் வெட்டித் தந்த ஆரோக்கியம்.

மேலாளர் கேட்டுவிட்டு, "மைக் உரசலா இருக்கும்" என்றார்.

"உரசல் துடிப்போட சேர்ந்தா வரும், சார்?"

ஹெட்போனைக் கழற்றி வைத்தார். "பத்துல ஒண்ணுன்னு வாக்கு குடுத்தாச்சேம்மா."

நாளை இதையே காட்டினால் கைதட்டுவார்கள். அதற்கப்புறம்? எத்தனை வீட்டில் இப்படி எல்லாம் சரியாக இருப்பதாகக் கேட்கும்?

வீட்டில் அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை. நான் என்ன டாக்டரா?

மார்ச் 8
வரம்பைத் தளர்த்தினேன். இப்போது நாலில் ஒன்று. மேலாளர் முகம் தொங்கிப்போனது, தடுக்கவில்லை. முதலில் பழைய வரம்பில் சுருக்கியதை, அடுத்து அதில் எறிந்ததைப் போட்டேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த டாக்டரம்மா கண்ணை மூடிக் கேட்டார். "வால்வு சரியா மூடலை போலருக்கே. யாரு இது?"

"எங்கம்மா."

"அப்ப நீ இங்க என்ன பண்றே?"

போன் செய்தேன். "மாடி ஏறாதம்மா. கீழயே இரு, வரேன்."

"என்னடி, வேலையை விட்டுத் துரத்திட்டாங்களா?"

கோப்பின் பெயரிலிருந்து 'இயல்பு' என்பதை அழித்துவிட்டு, வண்டி பிடித்தேன்.