‘கடவுளின் செயல்’ என்று நீ சொல்லவில்லை

இன்று காலை வெள்ளவத்தையிலிருந்து பஸ்ஸில் வரும்போது ஆங்கில வானொலியில் கிரிக்கெட் போய்க்கொண்டிருந்தது. நம் அணிப் பையன் ஒருவன் பிடியைத் தவறவிட்டான். “கெட்டாஸ்ட்ரஃபி!” என்று பேரழிவே வந்ததுபோல் வர்ணனையாளர் கத்தினார். நீ பக்கத்தில் இருந்திருந்தால் சிரித்திருப்பாய். வருகிற மாதத்தோடு நீ இறந்து ஒரு வருடம்.

“இங்கிலிஷில தேத்தண்ணி ஆறினாலும் டிசாஸ்டர், தலைமயிர் குழம்பினாலும் டிசாஸ்டர். ஆள் செத்தா மட்டும் இன்சிடன்ட் எண்டு போடுவாங்கள், பாத்தியாடி?” என்பாய். நீதிமன்றத்தில் நாம் இருவரும் மொழிபெயர்ப்பாளர்கள். பேரழிவுக்கான சொற்கள் சில்லறைக் காரியங்களுக்குச் செலவாவதை நாள் முழுக்கக் கேட்டுவிட்டு, மதியம் சோற்றுப் பார்சலைப் பிரித்தபடி அதையே கதைத்துச் சிரிப்போம்.

ஜிந்துப்பிட்டிப் பெண்ணின் வழக்கு வந்த நாளில் நாம் சிரிக்கவில்லை. அவள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பண்டகசாலை. அடைமழையில் அதன் சுவர் வீட்டின்மேல் சரிந்து கணவர் இறந்துபோனார். நட்டஈடு கேட்டு வந்திருந்தாள். அன்று மொழிபெயர்த்தது நீ; எனக்கு வேலை இல்லை. பின் வாங்கில் உட்கார்ந்திருந்தேன்.

பண்டகசாலைக்காரரின் சட்டத்தரணி குரல் உயர்த்தாத மனிதர். “அக்ட் ஒஃப் கோட்” என்றார். மனிதர் கையில் இல்லாத அழிவுக்கு ஆங்கிலச் சட்டத்தில் அதுதான் பெயர். சாட்சிக் கூண்டில் நின்ற அவள் இதை ஒப்புக்கொள்கிறாளா என்று கேட்டார்.

நீ வாயைத் திறந்தாய், பிறகு மூடிக்கொண்டாய். கொட்டாஞ்சேனைத் தேவாலயத்தில் ஞாயிறு பூசை தவறவிடாதவள் நீ. நீதிபதி நிமிர்ந்து பார்த்தார்.

“மன்னிக்க வேண்டும்,” என்று ஆங்கிலத்தில் சொன்னாய். “சொல்லுக்குச் சொல் தமிழில் சொன்னால், கணவரைக் கடவுள்தான் கொன்றார் என்று இவருக்குக் கேட்கும். பொருளைச் சொல்ல அனுமதி வேண்டும்.”

வழக்கில் தலையிட்டாள் என்று யாராவது முறைப்பாடு செய்தால் உன் வேலை போயிருக்கும். நீதிபதி சட்டத்தரணியைப் பார்த்தார். அவர் தலையசைத்தார்.

நீ அவள் பக்கம் திரும்பினாய். “அம்மா, இது ஆராலயும் தடுக்க ஏலாத அழிவு எண்டு ஐயா சொல்றார். ஒத்துக்கொள்றீங்களா?”

அதுவரை எல்லாக் கேள்விக்கும் “ஆமாங்க” என்று குனிந்தே நின்றவள் நிமிர்ந்தாள்.

“தடுக்க முடியாதுங்களா? சொவரு வெடிச்சிருக்குன்னு என் வீட்டுக்காரரு ரெண்டு தடவ போய்ச் சொன்னாருங்களே! பாக்குறேன்னு சொல்லி அனுப்பிட்டாங்க.”

அதை அதுவரை யாரும் அவளிடம் கேட்டிருக்கவில்லை. நீ ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் ஆங்கிலத்தில் சொன்னாய். வழக்கின் அடுத்த தவணை நாளில் எதிர்த்தரப்பு சமரசத்துக்கு வந்தது. அவளுக்கு நட்டஈடு கிடைத்தது.

சாட்சி சொன்ன அன்றே, படிக்கட்டில் அவள் நம்மைப் பிடித்துக்கொண்டாள். “அவரு இங்கிலீசுல மொதல்ல என்னம்மா சொன்னாரு? நீங்க சொல்லாம நின்னீங்களே.”

நீ மறைக்கவில்லை. “கடவுளின்ட செயல் எண்டு சொன்னவர்.”

அவள் கொஞ்சம் யோசித்தாள். கோபப்படவில்லை. “சாமி அந்தச் சொவரக் கட்டலீங்களே,” என்றாள். முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள். நாம் புறக்கோட்டை வரை நடந்தோம். பிரியும்போது, “நல்ல காலம், நான் அதைச் சொல்லேல்ல,” என்றாய்.

இப்போது அந்த இடத்தில் நான் நிற்கிறேன். மழைக்காலம் முடிந்தால் இப்படியான வழக்குகள் வருகின்றன. பெரிய சொல் ஒன்று என் பக்கம் வந்தால், கூண்டில் நிற்பவரின் முகத்தை முதலில் பார்க்கிறேன். போன கிழமை அப்படி நின்றபோது, “ஏன் இவ்வளவு நேரம், மிஸ்?” என்று ஓர் இளம் சட்டத்தரணி கேட்டார்.

“சொல் தேடுறன், சேர்,” என்றேன். உன் துணிச்சலையும் சேர்த்துத்தான் தேடிக்கொண்டிருந்தேன். கொஞ்சம் பொறுத்து இரண்டும் வந்தன.